கால் கழுவ வைத்த தண்ணீர்

உங்களில் பாதிப் பேர் இதைக் கைப்பேசியில், கேன்டீன் வரிசையில் நின்றபடி படிப்பீர்கள். மீதிப் பேர் படிக்கவே மாட்டீர்கள். குறை சொல்லவில்லை. மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் படிக்க எங்கே நேரம்? நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது ஓய்வு பெற்று நேரம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, கண்ணில்தான் தெம்பில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே நகராமல் நிற்கும் கார்களைப் பார்ப்பதுதான் என் முழுநேர வேலை. புதிதாகச் சேர்ந்திருக்கும் மருந்தாளர்களுக்கு உற்சாகமூட்டும்படி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். உற்சாகத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். விடவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்ததும் ஞாபகத்துக்கு வருவது ஒரு ஃபிளாஸ்க்தான். அதை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

கடைசியாக நான் வேலை பார்த்தது கிள்ளான் பக்கத்து மருத்துவமனை ஒன்றில். அங்கே மருந்தகக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி இருக்கும். உள்ளே சில குப்பிகள். டிகோக்ஸின் என்ற இதய மாத்திரை அளவுக்கு மீறி உடம்பில் சேர்ந்துவிட்டவர்களுக்கான மாற்று மருந்து அது. அந்த மாத்திரைச் சரக்கை ஒரு புரதத்தோடு இணைத்துச் செம்மறி ஆட்டுக்கு ஊசியாகப் போடுவார்கள். ஆட்டின் ரத்தம் அதை எதிரி என்று கண்டுகொண்டு, தேடிப்பிடித்துக் கட்டிப்போடும் ஒரு பொருளை உண்டாக்கும். ஆன்டிபாடி, எதிர்ப்பொருள். பிடிக்கிற துண்டை மட்டும் வெட்டியெடுத்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைத்தால், அதுதான் இந்த மருந்து. அரளிச் செடியின் விஷம் அந்த மாத்திரைக்கு ஒன்றுவிட்ட உறவு. அதனால் அரளிக்கும் இதே மருந்து கேட்கும், கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும்.

இதெல்லாம் உங்களுக்குப் பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் இல்லாதது, அந்தப் பெட்டியைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க நான் போட்ட சண்டைகள். யாருக்கும் போடாமலே காலாவதியாகும். புதிதாக வாங்கக் கேட்டால், "போன வருஷமும் யாருக்கும் போடலையே, எதுக்கு?" என்பார்கள். போன வருஷம் தீப்பிடிக்கவில்லை என்று தீயணைப்புக் குழாயைக் கழற்றி விற்றுவிடுவீர்களா என்று கேட்பேன். கூட்டத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு இல்லை என்று சொல்வார்கள். கடைசியில் ஒரு வருஷம், பாதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தார்கள். ஓர் ஆளைக் காப்பாற்றத் தேவையானதில் பாதி. பாதி ஆளை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வலித்துப்போயிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பாதிப் பெட்டி இருந்த சமயத்தில்தான் செல்வம் வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நெரிசல் ஓய்ந்த நேரம். அவசரப் பிரிவிலிருந்து டாக்டர் பிரவின் போன் செய்தார். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாதவர், கெட்டிக்காரர், பயந்த சுபாவம்.

"மேடம், ஒரு கேஸ். லோரி டிரைவர், வீடு பண்டமாரான்ல. சுகர் இருக்கு, இனிப்பு நீருக்கு மாத்திரை எடுக்கறாரு. ஒரே வாந்தி, ஹார்ட் ரேட் இறங்கிட்டே போகுது. அந்த மாத்திரைல இப்படி ஆகுமா?"

"ஆகாது."

"அப்ப வேற என்ன மேடம்?"

"இருங்க, வரேன்."

போனிலேயே பதில் சொல்லி முடித்திருக்கலாம். என் முட்டி அதைத்தான் விரும்பியது. ஆனால் குரலில் பயம் இருந்தால் இறங்கிப் போய்ப் பார்த்துவிடுவது என் வழக்கம். காகிதத்தில் வராதது கட்டிலில் தெரியும்.

கட்டிலில் செல்வம் வாட்டசாட்டமான மனிதர், முகம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. இதயத் துடிப்பின் வரைபடத்தைப் பிரவின் காட்டினார். மேல் அறையும் கீழ் அறையும், சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஆளுக்கொரு தாளத்தில் போய்க்கொண்டிருந்தன. துடிப்பை ஏற்ற ஊசி போட்டும் பெரிதாக அசையவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. இதயத்தில் அடைப்பு என்று நினைத்து, கோலாலம்பூரில் இதயப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது.

வாந்தி, இறங்குகிற துடிப்பு, ஏறுகிற பொட்டாசியம். மூன்றும் சேர்ந்தால் எனக்கு அந்த அட்டைப் பெட்டிதான் ஞாபகம் வரும். டிகோக்ஸின் அளவு பார்க்க ரத்தம் எடுத்தீர்களா என்று கேட்டேன்.

"அவருக்குத்தான் அந்த மாத்திரையே இல்லையே மேடம்?"

"எடுங்க. வீட்டுல வேற யாராவது சாப்பிடறாங்களா? வேற ஏதாவது உள்ள போச்சா?"

"வைஃப்கிட்ட திரும்பத் திரும்ப கேட்டுட்டேன். ஒன்னுமே சாப்பிடலங்கறாங்க."

"எப்படிக் கேட்டீங்க?"

"என்னத்த குடிச்சாரு, வீட்டுல சண்டையா, ஏதாவது கலந்து கொடுத்தீங்களான்னு..."

அவரைத் திட்ட நேரமில்லை. நீங்கள் மட்டும் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வெளியே நடைபாதை நாற்காலியில் அவர் மனைவி கோமதி உட்கார்ந்திருந்தார். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சீருடையை மாற்றாமல், கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே ஓடி வந்திருந்தார். இரண்டு கையாலும் கைப்பேசியை இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் செல்வத்தின் அக்காள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுதுகொண்டிருந்தார்.

"காலைல நல்லாதான இருந்தான் என் தம்பி! வீட்டுல என்ன நடந்துச்சுன்னு இவளுக்குத்தான் தெரியும். வாயத் தொறக்க மாட்டேங்கறா பாருங்க!"

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"அவரோட மாத்திரையப் பத்திக் கொஞ்சம் பேசணும், வாங்கம்மா" என்று கோமதியை மட்டும் மருந்தகத்துக்குப் பக்கத்தில் நாம் நோயாளிகளோடு பேசுகிற சின்ன அறைக்கு அழைத்துப் போனேன். கதவைச் சாத்தினேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"கோமதி, அவரக் காப்பாத்தற மருந்து ஒன்னு என் ஃபிரிட்ஜ்ல இருக்கலாம். என்ன உள்ள போச்சுன்னு தெரியாம நான் அதை வெளிய எடுக்க முடியாது. அதை மட்டும் சொல்லுங்க. யாரு, ஏன், எதுக்குன்னு எதையும் நான் கேக்க மாட்டேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது குடிக்கறதுக்கு இல்லக்கா. கால் கழுவறதுக்கு."

அதற்குப் பிறகு எல்லாம் கொட்டியது. நாள் முழுக்க லோரியில் பூட்ஸோடு உட்கார்ந்து செல்வத்துக்குக் காலில் அரிப்பு. அரளி இலையை அவித்துக் கழுவினால் போகும் என்று தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற ஒருத்தி சொல்லியிருக்கிறாள். சாலையோரம் பறித்து வந்து அவித்தார். செல்வம் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. வந்ததும் சூடாகக் கழுவட்டும் என்று ஃபிளாஸ்க்கில் ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதே ஃபிளாஸ்க்கில்தான் மற்ற நாட்களில் நிலவேம்புக் கஷாயம் இருக்கும். மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்களே, அதே கசப்புத்தான். இனிப்பு நீருக்கு நல்லது என்று கோமதி வைப்பார், செல்வம் தொட மாட்டார். முதல் நாள் அதற்குத்தான் சண்டை. நான் செத்தாலும் உனக்கு அக்கறையில்லை, என் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறாய் என்று கோமதி அழுதிருக்கிறார். பேசாமலே வேலைக்கும் போயிருக்கிறார்.

கைப்பேசியை என்னிடம் நீட்டி ஒரு குரல் பதிவைத் தட்டினார். ஓர் ஆணின் குரல், உற்சாகமாக:

"ஏய் கோமதி, ஃபிளாஸ்க்ல இருந்தத ஃபுல்லா குடிச்சிட்டேன் லா. அநியாயக் கசப்பு! இப்ப சந்தோஷமா? கோவம் போச்சா?"

வேலை இடைவேளையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் கோமதி ஓடி வந்திருக்கிறார். அவருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே, அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு, பதில் சொல்ல முடியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"அரளின்னு சொன்னா என்ன நெனப்பாங்கக்கா? ஒன்னு, அவரா சாகப் பாத்தாரும்பாங்க. இல்ல, நான் கொல்லப் பாத்தேம்பாங்க. கால் கழுவ வச்சேன்னு யாரு நம்புவா?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் அரளி மாலை தொங்குகிறது, சாமிக்கு வாங்கிப் போகிறோம், சாலை நடுவில் வரிசையாக நட்டு வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு தமிழ்ப் பெண் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொன்னால் நம் எல்லாருக்கும் ஒரே கதைதான் தோன்றும். கோமதி பயந்தது நியாயம். அந்த நியாயத்தால் அவர் புருஷன் செத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் திரும்புவதற்குள் டிகோக்ஸின் முடிவு வந்துவிட்டது. குறைவு. பயப்படும்படி ஒன்றுமில்லை என்கிற மாதிரியான எண். பொறுப்பு நிபுணரிடம் போனில் பேசினேன். நல்ல மனிதர், நியாயமாகத்தான் பேசினார். அளவு குறைவாக இருக்கிறதே, மேடம், இருக்கிற கொஞ்ச மருந்தை இதற்குச் செலவழித்துவிட்டு நாளைக்கு நிஜமாகவே தேவைப்படுகிறவர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"டாக்டர், அந்தச் சோதனை மாத்திரைக்காகச் செய்தது. இலையின் விஷத்தை அதற்கு அரைகுறையாகத்தான் அடையாளம் தெரியும். எண்ணைப் பார்க்காதீர்கள், பொட்டாசியத்தைப் பாருங்கள், துடிப்பைப் பாருங்கள்."

"இலைதான் என்று எப்படித் தெரியும்? மனைவி சொல்கிறாரா?"

"ஆமாம்."

"நீங்கள் நம்புகிறீர்களா?"

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றுவிட்டது. பிரவின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே இதய அடைப்பாக இருந்தால், அவரை இங்கே பிடித்து வைத்துக் கொன்ற பழி என்மேல் விழும். அரளியாக இருந்தால், கோலாலம்பூர் போகிற ஃபெடரல் நெடுஞ்சாலையில் பாதி வழியிலேயே துடிப்பு நின்றுவிடும். இரண்டில் எது என்று சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு பெண்ணின் வார்த்தையும், கசப்பைக் குடித்துவிட்டுச் சமாதானம் கேட்ட ஒரு குரலும்தான்.

"நம்புகிறேன் டாக்டர்" என்றேன்.

"சரி, போடுங்கள். ஆம்புலன்ஸை நிறுத்துங்கள்" என்றார். அவருக்கும் அது சுலபமாக இருந்திருக்காது.

இருந்த பாதி போதாது. கோலாலம்பூரில் இன்னொரு மருத்துவமனை மருந்தகத்தில் என் பழைய தோழி இருந்தாள். அவளைக் கூப்பிட்டு மீதியைக் கேட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து உடனே அனுப்புகிறேன் என்றாள். ஆனால் அலுவலகம் விடுகிற நேரம். அந்த நேரத்து நெடுஞ்சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் குப்பிகள் சொட்டுச் சொட்டாக இறங்கின. நின்று பார்த்தேன். துடிப்பு கொஞ்சம் ஏறியது. தயங்கியது. மறுபடி கொஞ்சம் ஏறியது. எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, ஆனால் நாற்காலி தேடிப் போக மனசு வரவில்லை.

இந்த நேரம் பார்த்து யாரோ பழக்க தோஷத்தில் இன்னொரு முறை டிகோக்ஸின் அளவுக்கு ரத்தம் அனுப்பிவிட்டார்கள். முடிவு வந்ததும் பிரவின் நடைபாதையிலேயே கத்திவிட்டார்.

"மேடம், ஏறிடுச்சு! அரளி விஷம் பல மடங்கு ஏறிடுச்சு! மருந்த நிறுத்தட்டுமா?"

செல்வத்தின் அக்காள் காதில் அரளியும் விழுந்தது, விஷமும் விழுந்தது. எழுந்து கோமதியின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"அரளியா? என் தம்பிக்கு அரளியா கொடுத்த? பாவி! யாராச்சும் போலீஸக் கூப்பிடுங்க!"

நான் முதலில் பிரவினிடம்தான் போனேன். உள்ளே ஓடுகிற மருந்தை அவர் நிறுத்திவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

"நிறுத்தாதீங்க. இதுவரைக்கும் உடம்புக்குள்ள ஒளிஞ்சிருந்ததை ஆன்டிபாடி பிடிச்சு ரத்தத்துக்கு இழுத்துட்டு வந்திருக்கு. இந்த மெஷினுக்கு, பிடிபட்டது எது, பிடிபடாதது எதுன்னு தெரியாது. எல்லாத்தையும் சேத்து எண்ணுது. போய் ஆளப் பாருங்க."

பார்த்தார். ஆள் கண்ணைத் திறந்து, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். வாயெல்லாம் கசக்கிறதாம். பிரவினுக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

நடைபாதைக்கு நான் திரும்பி வந்தபோது கோமதி தன்னை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவே இல்லை. சட்டையை நாத்தனார் பிடித்திருந்தபடியே, கைப்பேசியை உயர்த்தி அந்தக் குரல் பதிவைத் தட்டினார். நடைபாதை முழுக்கச் செல்வத்தின் குரல் கேட்டது. இப்ப சந்தோஷமா? கோவம் போச்சா?

அக்காளின் கை தளர்ந்தது. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு நாற்காலியில் விழுகிற மாதிரி உட்கார்ந்தார்.

"லூசுப் பய" என்றார். "சின்னதுலேர்ந்தே இப்படித்தான். கோச்சிக்கிட்டா சமாதானத்துக்கு எதையாச்சும் செஞ்சி தொலைப்பான்." கோமதியின் கையை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் என் மருந்தகத்துக்குத் திரும்பினேன்.

ஐஸ் பெட்டி வந்து சேர்ந்தபோது மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தவர் தொப்பலாக நனைந்திருந்தார், வழியெல்லாம் மழையாம். மீதி மருந்தும் இறங்கியது. மறுநாள் காலையில் இதயத்தின் மேல் அறையும் கீழ் அறையும் சமாதானமாகி ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன.

அந்தப் பாதிப் பெட்டியை முழுப் பெட்டியாக்க மறுபடி கூட்டத்துக்குப் போனேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யோசிக்கிறோம் என்றார்கள். நான் ஓய்வு பெறும்வரை யோசித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பெட்டி முழுதாக இருக்கிறதா என்று உங்களில் அங்கே வேலை செய்பவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள். இல்லையென்றால் சண்டை உங்களுடையது. எனக்கு முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆன்டிபாடி விஷத்தைப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த விஷம் என்று அது வாய் திறந்து சொல்லாது. சொல்லக்கூடிய ஆள் வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பயந்துபோய். அவர் சொல்ல முடிகிற மாதிரி கேளுங்கள். குற்றவாளியாக்காமல் கேளுங்கள். முடிந்தால் கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

வீட்டுக்குப் போகிற அன்று செல்வமும் கோமதியும் மருந்து வாங்கக் கவுண்டருக்கு வந்தார்கள். அவர் கால் அரிப்புக்கு ஒரு களிம்பு எழுதியிருந்தார்கள். வெளிப்பூச்சு மருந்துகளில் நாம் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, ஆயிரம் முறை சொன்னதை ஆயிரத்தோராவது முறையாகச் சொன்னேன்.

"இது தடவறதுக்கு மட்டும். சாப்பிடறதுக்கு இல்ல."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. செல்வம் கடகடவென்று சிரித்தார்.

"அக்கா, அந்த சிவப்பு ஸ்டிக்கர் எனக்கு ஒன்னு கொடுப்பீங்களா?" என்று கேட்டார் கோமதி.

"ஒன்னு பத்தாது லா. வீட்டுல எல்லாத்துலயும் ஒட்டிடுவா. என் நெத்திலயும் ஒட்டுவா" என்றார் செல்வம்.

கோமதி சிரிக்கவில்லை. களிம்பைப் பைக்குள் வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து, இந்த மனுஷன் என் பேச்சக் கேக்க மாட்டேங்கறாருன்னு அழுதிருக்கேன்க்கா. ஒரு நாள் கேட்டாரு."

செல்வத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஸ்டிக்கர் சுருளை முழுதாக எடுத்து கோமதியின் கையில் கொடுத்தேன்.